பல்லிக்கு ரத்தம் ஜில்லென்று இருக்குமா?

சித்திரை மாதத்து மத்தியானம். ஜன்னல் கதவைச் சாத்தப் போன என் மகளின் கையில் பல்லி ஒன்று பொத்தென்று விழுந்தது. ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டுக் குதித்து ஓடிப்போனது. என் அம்மா உடனே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி, 'பல்லி விழும் பலன்' பார்க்க ஆரம்பித்துவிட்டார். வலது கையா இடது கையா, முழங்கைக்கு மேலா கீழா என்று விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, ஆறு வயது முடியாத அந்தப் பெண்ணுக்கு வேறொரு வழக்கு இருந்தது. "அப்பா, நீங்க பொய் சொல்லிட்டீங்க. பல்லி ஜில்லுனே இல்ல."

பொய் சொன்னது நான்தான். முந்தின வாரம் படப் புத்தகத்தில் 'குளிர் ரத்தப் பிராணி' என்று வந்த இடத்தில், "அதோட ரத்தம் ஜில்லுனு இருக்கும்டா" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு வருஷமாக ஊர்வனப் பித்து. மற்ற பிள்ளைகள் காரையும் ரயிலையும் எண்ணும் வயதில் இவள் ஓணான், அரணை, உடும்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட வரிசையில் நின்றபோது, "இதோட வால் அறுந்தா முளைக்குமா?" என்று சத்தமாகக் கேட்டு முன்னால் நின்ற மாமியைத் திரும்பிப் பார்க்க வைத்தவள். அவளிடம் தப்பாக ஒன்றைச் சொன்னால் அது என்றைக்காவது கையில் வந்து விழத்தான் செய்யும்.

யோசித்துப் பார்த்தால் நானும் அந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியதோடு சரி. மீன், தவளை, பாம்பு எல்லாம் குளிர் ரத்தம். பறவையும் பாலூட்டியும் வெப்ப ரத்தம். அந்தப் பெயரே தப்பான வழியைக் காட்டுகிறது. அதை நம்பித்தான் பாம்பு உடம்பு ஐஸ் மாதிரி இருக்கும், பல்லிக்கு வெயில் உறைக்காது, முதலை சோம்பேறி என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். மகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று நான் திரும்பப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜில் என்பது எங்கே இருக்கிறது

முதலில் தொடுவதைப் பற்றி. காலையில் அடுக்களைக்குப் போய் எவர்சில்வர் டம்ளரையும் பக்கத்தில் இருக்கிற மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள். டம்ளர் ஜில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. ஆனால் இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். எவர்சில்வர் நம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது. அந்த இழுப்பைத்தான் நம் தோல் 'ஜில்' என்று படிக்கிறது. அதாவது நம் கை வெப்பநிலையை அளப்பதில்லை. சூடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் சொல்கிறது.

நம் தோலின் மேற்பரப்பு சாதாரணமாக 33 டிகிரி வாக்கில் இருக்கும். (இந்தக் கட்டுரை முழுக்க டிகிரி என்றால் செல்சியஸ்.) சித்திரை மத்தியானத்தில் எங்கள் வீட்டு ஹால் 34. ஜன்னல் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியும் கிட்டத்தட்ட அதே 34. சூடு எந்தப் பக்கமும் பெரிதாக ஓடவில்லை. அவள் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே பல்லியை மார்கழி விடியற்காலையில் ஊட்டியில் தொட்டிருந்தால் ஐஸ் துண்டு என்றிருப்பாள்.

ஆக, பல்லியின் ரத்தத்துக்கென்று சொந்தமாக ஒரு குளிர்ச்சி கிடையாது. இருக்கிற இடத்தின் சூடுதான் ஏறக்குறைய அதன் சூடு. அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கிற பாலைவன இகுவானா என்ற பல்லிவகை, உடம்பு 40 டிகிரியைத் தாண்டிய பிறகும் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருக்கும். நமக்கு 40 என்றால் ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் 'குளிர் ரத்தப் பிராணி'யின் ரத்தம் நம் ரத்தத்தைவிடச் சூடு.

டீக்கடை பாய்லரும் மொட்டை மாடி சோலாரும்

அப்படியானால் நமக்கும் அதற்கும் என்னதான் வித்தியாசம்? சூடு எவ்வளவு என்பதில் இல்லை. எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

டீக்கடை பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குப் பற்றவைத்தால் ராத்திரி கடை சாத்தும்வரை அது கொதித்துக்கொண்டேதான் இருக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எரிபொருள் போகும். அதற்குக் கைம்மாறாக, எந்த நேரம் போய் நின்றாலும் உடனே டீ. இப்போது மொட்டை மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரை நினையுங்கள். காசு செலவே இல்லை. ஆனால் வெயில் வந்தால்தான் வெந்நீர். ஐப்பசி அடைமழையில் பச்சைத் தண்ணீர்தான்.

நாம் பாய்லர் வகை. சாப்பிட்டதை உடம்பின் செல்கள் எரிக்கின்றன. இதயம், கல்லீரல், மூளை, தசை என்று எல்லாம் ஓய்வில்லாமல் வேலை செய்வதில் சூடு வெளியாகிறது. அந்தச் சூட்டை ரத்தம் உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கொழுப்பும், மற்ற பாலூட்டிகளில் ரோமமும், பறவைகளில் இறகும் அதை வெளியே விடாமல் மூடி வைக்கின்றன. வெளியே 15 டிகிரியோ 40 டிகிரியோ, உள்ளே 37-ஐ ஒட்டியே நிற்கும். இப்படி உள்ளேயே சூட்டை உற்பத்தி செய்துகொள்ளும் உயிரினத்துக்கு 'அகவெப்ப உயிரி' என்று பெயர். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் வெளியே விடுகிற சூடு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு அளவு. கல்யாண மண்டபத்தில் கூட்டம் சேர்ந்ததும் புழுங்குவதற்குக் காரணம் அடுப்படி மட்டும் இல்லை. ஆளுக்கொரு பல்பு எரிகிறது.

பல்லி, பாம்பு, ஆமை, முதலை எல்லாம் சோலார் வகை. அவற்றின் செல்களும் உணவை எரிக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதில் வரும் சூடு கொஞ்சம். பிடித்துவைக்க ரோமமும் இல்லை. வந்த வேகத்தில் போய்விடும். அதனால் தேவையான சூட்டை வெயில், பாறை, மண், சுவர் என்று வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. இவை 'புறவெப்ப உயிரி'கள். குளிர் ரத்தம் என்பதற்குப் பதிலாக அறிவியலில் இப்போது புழங்குவது இந்த வார்த்தைதான். 'வெளியே இருந்து சூடு வாங்குகிற பிராணி' என்று சொன்னபோது என் மகள் அதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். "கடன் வாங்குதா?" என்று கேட்டாள். கடன் இல்லை, இனாம்.

சூடு எதற்கு? மாவைக் கேளுங்கள்

இட்லி மாவு அரைக்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சித்திரையில் சாயங்காலம் கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழியும். மார்கழியில் மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தாலும் அப்படியே கிடக்கும். மாவு அதே மாவுதான். சூடு கூடினால் அதற்குள் நடக்கிற ரசாயன மாற்றங்களின் வேகம் கூடுகிறது.

உடம்பும் ஒரு வகையில் அந்த மாவுப் பாத்திரம்தான். சாப்பிட்டதைச் செரிப்பது, அதிலிருந்து சக்தியை எடுப்பது, அதை வைத்து உடம்பைக் கட்டுவது, தசையை இழுப்பது எல்லாமே ரசாயன மாற்றங்கள். இவை மொத்தத்துக்கும் 'வளர்சிதை மாற்றம்' என்று பெயர். பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அதற்காக ஏறிக்கொண்டே போகவும் முடியாது. இந்த மாற்றங்களை நடத்திவைக்கிற புரதங்கள் இருக்கின்றன, நொதிகள் என்பார்கள். சூடு ஓர் அளவைத் தாண்டினால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அவை உருக்குலைந்துபோகும்.

எலியை விழுங்கிய பாம்புக்கு இது உயிர்ப் பிரச்சினை. உடம்பு சூடாக இருந்தால் சில நாட்களில் செரித்துவிடும். ரொம்பக் குளிர்ந்துபோனால், செரிப்பதற்கு முன்னால் எலி உள்ளேயே அழுக ஆரம்பிக்கும். அப்போது பாம்பு அதைக் கக்கிவிடுவதும் உண்டு. இரை எடுத்த பாம்பு வெதுவெதுப்பான இடம் தேடிப் போய்ச் சுருண்டு படுப்பதை உண்ட மயக்கம் என்று நினைக்க வேண்டாம், அது அடுப்பேற்றிக்கொண்டிருக்கிறது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: எல்லா உடம்புக்கும் சூடு வேண்டும். நாம் அதை உள்ளே எரித்து எடுக்கிறோம், ஊர்வன வெளியே தேடி எடுக்கின்றன. எப்படித் தேடுகின்றன என்பதுதான் இந்தக் கதையில் சுவாரசியமான பகுதி. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், காம்பவுண்டு சுவர் போதும்.

ஓணானோடு ஒரு நாள்

கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி போல நீட்டுவார்களே, அந்த வெப்பமானி ஒன்று எங்கள் வீட்டு டிராயரில் கிடந்தது. அதில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கிற ஏற்பாடும் உண்டு. பேட்டரி போட்டு அவளிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் இருவரும் சமையலறை ஜன்னலருகே. எதிரே கிழக்குப் பார்த்த சுவர், அதில் எங்கள் வீட்டு நிரந்தரக் குடியான ஓர் ஓணான். ஓணானை அந்தக் கருவியால் அளக்க முடியவில்லை. தள்ளி நின்று அமுக்கினால் அது பார்க்கிற வட்டம் பெரிதாகிச் சுவரைத்தான் படிக்கிறது. சரி, சுவரையே அளப்போம் என்று முடிவு செய்தோம்.

காலை ஏழு மணி. சுவர் 28. ஓணான் சுவர் உச்சியில் கறுத்துப்போய்க் கிடந்தது. சாதாரணமாகப் பார்க்கிற வைக்கோல் நிறம் இல்லை. நனைந்த மரப்பட்டை மாதிரி. உடம்பைத் தட்டையாக்கி, விலாவைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்திருந்தது. அப்பளத்தை வெயிலில் காயப்போடும்போது முழு முகமும் படும்படி பரப்பி வைப்போமே, அந்த மாதிரி. கறுப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சூடாவது நமக்குத் தெரியும்; ஓணான் அதைத் தன் தோலிலேயே செய்கிறது. நான் ஜன்னலைத் தட்டியும் அது நகரவில்லை.

ஒன்பது மணிக்குச் சுவர் 37. ஓணான் வெளுத்திருந்தது. இப்போது தலையை ஆட்டிக்கொண்டும், முன்னங்காலை ஊன்றி எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டும் இருந்தது. ஓர் எறும்பை எடுத்தது. பிறகு இன்னொன்று. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்த பிராணியா இது என்று தோன்றியது.

பன்னிரண்டரைக்குச் சுவர் 51. கை வைக்க முடியாது. ஓணானைக் காணோம். அவள்தான் கண்டுபிடித்தாள்: வேப்பமரக் கிளையின் அடிப்பக்கம், நிழலில், காற்றுப்படும்படி ஒட்டிக்கொண்டிருந்தது. நாலரைக்கு மறுபடி சுவருக்கு வந்து, இந்தத் தடவை சுவரின் மேற்குப் பக்கம். அவளுடைய நோட்டில் ஏழு மணிக்குக் கறுப்புக் கிரேயான், ஒன்பதுக்கு மஞ்சள், பன்னிரண்டரைக்கு வெறும் மரம்.

அன்றைக்கு அந்த ஓணான் செய்தது முழுக்க ஒரே காரியம்தான். வெயிலுக்குப் போவது, நிழலுக்கு வருவது, உடம்பைத் திருப்புவது, நிறத்தை மாற்றுவது. இவ்வளவையும் வைத்து நாள் முழுக்கத் தன் உடம்பைத் தனக்குத் தோதான ஒரு சூட்டில் வைத்துக்கொள்கிறது. பகலில் திரியும் பல்லிவகைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஏதோ ஒரு புள்ளி. புறவெப்பம் என்றால் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமில்லை. நாம் உள்ளே இருக்கிற ஏற்பாட்டால் கட்டுப்படுத்துவதை அவை கால்களால் கட்டுப்படுத்துகின்றன.

ஊர்வன வெப்பத்தின் தயவில் சும்மா கிடக்கிற ஜடங்கள் என்ற எண்ணம் ஆராய்ச்சியாளர்களிடமே வெகுகாலம் இருந்தது. அமெரிக்காவில் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர் பாலைவனத்துப் பல்லிகளையும் பாம்புகளையும் பார்த்து 1944-ல் எழுதிய ஆய்வுக்குப் பிறகுதான் அது மாறியது. வெயிலுக்கும் நிழலுக்கும் நடந்து நடந்தே அவை வெப்பத்தை நிர்வகிக்கின்றன என்று காட்டினார்கள். நாங்கள் நோட்டுப் போட்டு எழுதியது, அவர்கள் செய்ததன் காம்பவுண்டு சுவர்ப் பதிப்பு.

ஓணானுக்கு ஸ்வெட்டர்

"குளிர்காலத்துல அதுக்கு ஸ்வெட்டர் போட்டா?" இது மறுநாள் கேள்வி. சிரித்துவிடாதீர்கள். மேலே சொன்ன கவுல்ஸ் பின்னாளில் உண்மையிலேயே பல்லிகளுக்கு ரோமத்தில் குட்டிக் கோட்டு போட்டுப் பார்த்தார். கோட்டு போட்ட பல்லி கதகதப்பாகவில்லை. வெயில் காய வைத்தபோது சூடாவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

ஏன் என்றால், கம்பளிக்குச் சொந்தச் சூடு கிடையாது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல், வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. பிளாஸ்க்கில் காபி ஊற்றினால் சூடாக இருக்கும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். பாய்லர் உள்ளவனுக்குத்தான் போர்வை. சோலாரைப் போர்த்தி வைத்தால் என்ன ஆகும்? ஊர்வனவற்றின் உடம்பில் ரோமமோ இறகோ இல்லாமல் செதில் மட்டும் இருப்பதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தால்?

நமக்குக் கிருமி தாக்கினால் உடம்பே சூட்டை ஏற்றிக்கொள்கிறது. பாய்லரைத் தூண்டிவிட்டால் போதும். பல்லிக்குப் பாய்லர் இல்லையே?

1970-களில் அமெரிக்காவில் பாலைவன இகுவானாக்களுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். நோயுற்ற பல்லிகள், வழக்கமாக இருப்பதைவிடச் சூடான இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொண்டன. உடம்பின் சூடு இரண்டு டிகிரி வாக்கில் ஏறியது. அதாவது நடந்து போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டன. அப்படிப் போக முடியாமல் குறைந்த வெப்பத்தில் வைக்கப்பட்டவற்றில் அதிகம் செத்தன. காய்ச்சல் என்பதே உடம்பு கிருமியோடு போடும் சண்டையின் ஒரு பகுதி என்ற கருத்துக்கு அந்த ஆய்வு நல்ல சாட்சியானது. எனக்கு இந்தச் சங்கதி தெரிந்தபோது இருந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. மகளுக்கு அவ்வளவு இல்லை. "அப்போ அதுக்குக் கசப்பு மருந்து வேண்டாமா?" என்பதுதான் அவள் கவலை.

சோம்பேறி இல்லை, சிக்கனம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிற முதலைப் பண்ணைக்கு அவளைக் கூட்டிப் போனோம். கிண்டியில் பாம்புப் பண்ணையை ஏற்படுத்திய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்தவர்களும் 1976-ல் தொடங்கிய இடம் இது. நம் ஆறு குளங்களில் முன்பு நிறைய இருந்த முதலைகள் அருகிப்போனதால், முட்டை வைத்துக் குஞ்சு பொரித்துக் காப்பாற்றுவதற்காக வந்தது.

தொட்டிக் கரையில் முப்பது நாற்பது முதலைகள், அடுக்கி வைத்த விறகு மாதிரி. வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "பொம்மைப்பா இது." சிலது வாயைப் பிளந்து வைத்திருந்தன. கொட்டாவி இல்லை. வாய்க்குள் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது தலை குளிர்கிறது என்பதுதான் வழக்கமான விளக்கம். நாய் நாக்கைத் தொங்கப் போடுகிற கணக்கு. உடம்பு வெயிலில் சூடாகட்டும், தலை மட்டும் கொதிக்க வேண்டாம்.

அசையாமல் கிடப்பதற்குப் பின்னால் ஒரு வரவுசெலவு இருக்கிறது. டீக்கடைப் பாய்லர் எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும் என்று சொன்னேன் இல்லையா? நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி இந்தச் சூட்டுக்கே போகிறது. வீட்டு மூஞ்சூறு ராத்திரி முழுக்கக் கீச்கீச்சென்று மோப்பம் பிடித்துக்கொண்டு அலைவது அந்தப் பாய்லருக்குத் தீனி தேடித்தான். அதே எடையுள்ள பல்லிக்கு, மூஞ்சூறு தின்பதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. பெரிய முதலையும் மலைப்பாம்பும் ஒரு தடவை வயிறு நிறையச் சாப்பிட்டால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மழை பொய்த்து இரை கிடைக்காத வருஷத்தில் யார் பிழைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு விலையும் உண்டு. முதலை பாய்ந்தால் மின்னல், ஆனால் கொஞ்ச நேரம்தான். நாயைப் போல மணிக்கணக்கில் துரத்துகிற தெம்பு இந்த ஏற்பாட்டில் கிடையாது. குளிர் நாடுகள் பெரும்பாலும் அவற்றுக்கு ஒத்துவராது. ஒத்துவரவே வராது என்றும் இல்லை. ஐரோப்பாவில் ஒரு விரியன் வகை ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேகூட இருக்கிறது, குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் உறங்கிவிட்டு.

சுருக்கமாக: நம்முடையது எந்நேரமும் தயாராக இருக்கிற, செலவு கூடிய உடம்பு. அவற்றுடையது நேரம் பார்த்து வேலை செய்கிற, செலவு குறைந்த உடம்பு. எது உசத்தி என்ற கேள்வியே இங்கே பொருந்தாது.

முட்டைக்குள்ளும் வெயில்தான்

முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை கிடக்கும் மண்ணின் சூடு. நம் ஆற்று முதலையின் முட்டைகளை இதே வடநெம்மேலிப் பண்ணையில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 28 முதல் 31 டிகிரி வரை அடைகாத்தால் எல்லாம் பெண். 32.5-ல் வைத்தால் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசம்!

கடல் ஆமைகளுக்கு வேறு கணக்கு. தை மாதம் தொடங்கி சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குழியில் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண். பூமி சூடாகிறது என்ற செய்தி வரும்போது ஆமை ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, பாய்லர், சோலார் என்ற இரண்டு கட்சிக்கும் நடுவே வேலியில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு தசைகளை விட்டுவிட்டு நடுக்கும். குளிரில் நாம் நடுங்குகிற அதே வித்தை. அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அது பாய்லர் பற்றவைக்கிறது.

பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும்

எனக்குப் பத்து வயதில் ஒரு பாவம் உண்டு. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்றொரு கதை சொல்லி ஓணானை அடிப்பதை ஒரு கடமை ஆக்கியிருந்தோம். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஒன்றைப் பிடித்து, பாட்டிலில் அடைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கலாம் என்று திண்ணையில் வைத்தேன். வெயில் நகர்ந்து திண்ணைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அது செத்துக் கிடந்தது. பல்லிக்கு வெயில் உறைக்காது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நிழலுக்கு ஓட வழியில்லாத ஊர்வனவுக்கு, வியர்க்காத அந்த உடம்புக்கு, வெயில் சீக்கிரமே எமனாகிவிடும். அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், ஏசி ஹாலின் டைல்ஸ் தரையில் அது எங்கே போய் வெயில் காயும்?

பாம்பு விஷயத்தில் அவளுக்கு ஒரே விதி: பார்த்ததும் நில், பின்னால் நகர்ந்து வா, பெரியவர்களைக் கூப்பிடு. குளிர்ந்த காலையில் மந்தமாகக் கிடக்கிற பாம்பை 'சாது' என்று நம்பக் கூடாது. வேகமாக ஓட முடியாத பாம்புக்கு எதிர்த்து நிற்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ராத்திரியில் தார் ரோட்டில் பாம்பு படுத்திருப்பதும் பகல் சூடு அதில் மிச்சமிருப்பதால்தான்; காட்டுப்பக்கச் சாலைகளில் அப்படி அடிபட்டுச் சாகிற பாம்புகள் நிறைய.

அந்தத் தார் ரோட்டுக் கதையைச் சொன்னபோதுதான் அவளுக்கு வீட்டுப் பல்லி ஞாபகம் வந்தது. "நம்ம பல்லி ராத்திரிதானே வருது? அதுக்கு எது வெயில்?" டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்காகத்தான் வருகிறது, சுவர் பகலில் வாங்கின சூடு ராத்திரியிலும் கொஞ்சம் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் போதவில்லை. வெப்பமானியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக நீட்டினாள். சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கம் 30. பூஜை அலமாரி 30. ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகடு 36. கடைசியில் டிவிக்குக் கீழே, செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் 41.

மெதுவாகப் பெட்டியை நகர்த்தினோம். பின்னால் இரண்டு பல்லிகள், ஒரு குட்டி, காய்ந்த முட்டை ஓடு ஒன்று. "பாட்டி," என்று உள்ளே பார்த்துக் கத்தினாள், "டிவியை ஆஃப் பண்ணிடாதீங்க."